முதன்முறையாக மட்டன் பிரியாணி செய்வோருக்கு: கறியும் அரிசியும் தண்ணீர்க் கணக்கும்

பிரியாணி செய்யக் கற்கத் தொடங்குவோர் பெரும்பாலும் மசாலாவைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கிராம்பு எத்தனை, ஏலக்காய் எத்தனை, கல்பாசி போட்டே ஆக வேண்டுமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். ஒரு கிராம்பு கூடினாலோ குறைந்தாலோ பிரியாணி கெட்டுப்போவதில்லை. கறி வேகாமல் நிற்பதும், தண்ணீர் கூடி அரிசி குழைவதும், உப்புச் சப்பில்லாமல் போவதுமே வீட்டுப் பிரியாணியைக் கெடுக்கும் மூன்று காரணங்கள். நான் முதன்முறை செய்தபோது கறியையும் அரிசியையும் ஒரே பாத்திரத்தில் ஒன்றாகப் போட்டு வேகவைத்தேன். அரிசி களியான பிறகும் கறி ரப்பர்போல இருந்தது. வந்திருந்த உறவினர்கள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு நல்ல சாப்பாடு போட முடியவில்லையே என்ற வருத்தம் பல நாள் இருந்தது. அன்று விளங்கிய செய்தியைத்தான் இந்தக் கட்டுரை விரிவாகச் சொல்கிறது: கறி, மசாலா, அரிசி ஆகிய மூன்றும் வெவ்வேறு நேரத்தில் பக்குவமாகின்றன. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே பக்குவப்படுத்தி, அளந்த தண்ணீரில் ஒன்றுசேர்த்துத் தம் போட்டால், அதாவது இறுக மூடிச் சிறு தீயில் ஆவியிலேயே வேகவிட்டால், முதன்முறை செய்பவருக்கும் பிரியாணி தவறாது.

எந்த வகைப் பிரியாணி

ஹைதராபாத்தின் கச்சி பிரியாணியில் ஊறவைத்த பச்சைக் கறியின்மேல் அரைவேக்காட்டு அரிசியைப் பரப்பி, இரண்டையும் தம்மிலேயே வேகவைக்கிறார்கள். நெருப்பைக் கையாளப் பழகியவர்களுக்கே அது கைவரும். ஆம்பூர் பிரியாணியில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது சேர்கிறது, அரிசியைத் தனியே முக்கால் வேக்காடு வேகவைத்து வடித்துக் கறி மசாலாவோடு சேர்த்துத் தம் போடுகிறார்கள். திண்டுக்கல் பிரியாணியில் கறித்துண்டுகள் சிறியவையாக இருக்கும், தயிரும் எலுமிச்சையும் தரும் மெல்லிய புளிப்புத் தெரியும். இவ்விரண்டு ஊர்களின் பிரியாணிக்கும் பொதுவானது சீரகச் சம்பா அரிசி. நான் இங்கே விளக்குவது இவற்றில் எந்த ஒன்றின் அசலும் அன்று. தமிழ்நாட்டு வீடுகளில் அளந்த தண்ணீரில் அரிசியை வேகவைத்துச் செய்யும் எளிய முறையே இது. வடித்துத் தம் போடும் முறையில் அரிசி எப்போது முக்கால் பதத்துக்கு வந்தது என்பதைக் கண்ணாலும் விரலாலும் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கைப்பழக்கம் வருவதற்கு முன் அளவை நம்புவதே நல்லது.

அளவுகள் நான்கு பேர் வயிறாரச் சாப்பிடுவதற்கானவை. அரை கிலோ கறியும் அரை கிலோ அரிசியும் எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் முதல் பரிமாறுவது வரை, ஊறவைக்கும் நேரத்தையும் சேர்த்து, மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

கறி வாங்கும்போது

தமிழ்நாட்டில் மட்டன் என்றால் பெரும்பாலும் வெள்ளாட்டுக் கறிதான். செம்மறி ஆட்டுக் கறியிலும் பிரியாணி செய்யலாம், ஆனால் அதில் கொழுப்புச் சற்று அதிகம், வாசனையும் வேறு. கறிக்கடையில் பிரியாணிக்கு என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். எந்தப் பகுதி வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். தொடைக்கறி மட்டும் வாங்கினால் சதை நிறைய இருக்கும், ஆனால் சாறு இறங்காது, வெந்த பிறகு நார்நாராகவும் தோன்றும். முன்காலின் மேற்பகுதி, நெஞ்செலும்பு, கழுத்து ஆகியவற்றிலிருந்து எலும்போடு கலந்து வாங்குவதே சரி. இப்பகுதிகளில் இணைப்புத் திசு அதிகம். அது மெதுவாக வேகும்போது கரைந்து வழவழப்பான சாறாகிறது, அந்தச் சாற்றில் வெந்த அரிசிக்குத்தான் பிரியாணியின் சுவை வருகிறது. கறி இளஞ்சிவப்பாகவும், கொழுப்பு வெண்மையாகவும், விலா எலும்பு மெல்லியதாகவும் இருந்தால் இளங்கறி என்று கொள்ளலாம். கருஞ்சிவப்புக் கறியும் மஞ்சள் படர்ந்த கொழுப்பும் முற்றிய ஆட்டின் அடையாளம். அதையும் சமைக்கலாம், வேகும் நேரம்தான் கூடும்.

துண்டுகள் எலுமிச்சம்பழ அளவுக்குச் சற்றுச் சிறியவையாக இருக்கட்டும். கறியை ஒருமுறை கழுவி நீரை நன்றாக வடித்த பிறகு, மூன்று மேசைக்கரண்டி புளிக்காத கெட்டித் தயிர், ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, ஒரு தேக்கரண்டி தூளுப்பு ஆகியவற்றைப் பிசிறி ஒரு மணி நேரம் வையுங்கள். உப்பு கறிக்குள் இறங்க நேரம் வேண்டும். கடைசியில் போடும் உப்பு அரிசியோடு நின்றுவிடும், கறி சப்பென்றிருக்கும். முந்தைய இரவே பிசிறிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் நல்லது.

அரிசி

சீரகத்தைப் போலச் சிறுத்து நீண்டிருப்பதால் சீரகச் சம்பா என்று பெயர். அது தனக்கென ஒரு மணம் கொண்டது, மசாலாச் சாற்றையும் நன்றாக இழுக்கும். பாஸ்மதி நீளமாக உதிர்ந்து நிற்கும், பார்வைக்கு அழகு, ஆனால் ஆட்டுக்கறிச் சாற்றோடு அது ஒன்றிப்போவதில்லை என்பது என் கருத்து. எதை வாங்கினாலும் பழைய அரிசியாகப் பாருங்கள். புதிய அரிசியில் ஈரம் மிகுந்திருப்பதால் சீக்கிரம் குழைந்துவிடும்.

200 மில்லி கொள்ளும் டம்ளரில் அரை கிலோ சீரகச் சம்பா ஏறத்தாழ 3 டம்ளர் வரும். கழுவுவதற்கு முன், உலர்ந்த நிலையிலேயே உங்கள் வீட்டு டம்ளரால் அளந்து எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீரையும் அதே டம்ளரால்தான் அளக்க வேண்டும். டம்ளரை மாற்றினால் கணக்கே மாறிவிடும். அரிசியை இரண்டு முறை அழுத்தித் தேய்க்காமல் கழுவி, இருபது நிமிடம் ஊறவைத்து, வடிகட்டியில் பத்து நிமிடம் நீர் வடியவிடுங்கள். மசாலா வதங்கத் தொடங்கும் நேரத்தில் அரிசியை ஊறப்போட்டால் இரண்டும் சரியாக ஒரே நேரத்தில் தயாராகும். அதற்கு முன்பே ஊறப்போட்டு மறந்துவிட்டால் அரிசி தளர்ந்து, கிளறும்போது உடையும்.

கறியை வேகவைத்தல்

பிசிறி வைத்த கறியைக் குக்கரில் போட்டு, மிதமான தீயில் ஐந்து நிமிடம் கிளறுங்கள். கறியின் சிவப்பு மாறி, அதிலிருந்தே நீர் விடும். பின்னர் ஒன்றரை டம்ளர் தண்ணீர் சேர்த்து மூடி, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, இளங்கறிக்குப் பதினைந்து நிமிடமும் முற்றிய கறிக்கு இருபத்தைந்து நிமிடமும் வையுங்கள். விசிலை எண்ணச் சொல்லாமல் நிமிடத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டுக் குக்கரில் ஐந்து விசில் எட்டு நிமிடத்தில் வந்துவிடும், இன்னொரு வீட்டில் இருபது நிமிடம் ஆகும். தீயின் அளவும், குக்கரின் பருமனும், உள்ளே இருக்கும் தண்ணீரும் அதை மாற்றுகின்றன. குறைந்த தீயில் கழியும் நிமிடங்களே நம்பத்தக்க அளவு.

அழுத்தம் தானாக இறங்கிய பிறகு திறந்து, ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். சதை எலும்பை விட்டு எளிதில் விலக வேண்டும், ஆனால் தானாகவே உதிர்ந்து விழக்கூடாது. அழுத்தும்போது எதிர்த்து நின்றால் மீண்டும் மூடி ஐந்து நிமிடம் வையுங்கள். தம்மில் வெந்துவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். தம்மில் அரிசி வேகும் நேரம் குறைவு, வேகாத கறி மென்மையாக அது போதாது.

கறித் துண்டுகளை அரித்து எடுத்துத் தனியே வையுங்கள். மீதமிருக்கும் சாற்றை டம்ளரால் அளந்து, எத்தனை டம்ளர் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ இரண்டு டம்ளர் இருக்கும். மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்து எறிய வேண்டாம், பிரியாணியின் மணத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. கறியை மசாலாவோடு சேர்த்தே குக்கரில் வேகவைப்பவர்கள் பலர் உண்டு, அதுவும் சுவையாகவே வரும். ஆனால் வெங்காயமும் தக்காளியும் கலந்த குழம்பில் நீர் எவ்வளவு, விழுது எவ்வளவு என்று புதியவரால் பிரித்தறிய இயலாது. தனியே வேகவைத்தால் சாறு தெளிவாக இருக்கும், தண்ணீர்க் கணக்கு அரை டம்ளர்கூடப் பிசகாது.

மசாலா

அடி கனத்த அகலமான பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும். அரிசியும் கறியும் சேர்ந்து பாத்திரத்தில் பாதி உயரத்துக்கு மேல் வராத அளவு பெரியதாக இருந்தால் நல்லது. குறுகி உயர்ந்த பாத்திரத்தில் கீழிருக்கும் அரிசி குழைந்து, மேலிருப்பது விறைத்து நிற்கும்.

ஐந்து மேசைக்கரண்டி கடலை எண்ணெயும் இரண்டு மேசைக்கரண்டி நெய்யும் சூடானதும், விரல் நீளப் பட்டை இரண்டு, கிராம்பு ஐந்து, ஏலக்காய் நான்கு, பிரிஞ்சி இலை இரண்டு, அன்னாசிப்பூ ஒன்று, சிட்டிகை அளவு கல்பாசி ஆகியவற்றைப் போட்டு மணம் வந்தவுடன் வெங்காயத்தைச் சேர்த்துவிடுங்கள். மசாலாப் பொருள்கள் கருகினால் கசப்பு கடைசிவரை போகாது. வெங்காயம் 300 கிராம், நீளவாக்கில் மெல்லியதாக நறுக்கியது. அதோடு அரைத் தேக்கரண்டி உப்புச் சேர்த்தால் நீர் விட்டுச் சீராக வதங்கும்.

இந்த வெங்காயத்துக்குத்தான் பொறுமை வேண்டும். கண்ணாடிபோல ஆனதும் அடுத்த பொருளைச் சேர்க்கக் கை துடிக்கும், சேர்க்காதீர்கள். மிதமான தீயில் பதினைந்து நிமிடமாவது கிளறி, ஓரங்கள் பழுப்பேறிப் பொன்னிறமாகும் வரை காத்திருங்கள். பிரியாணிக்கு வரும் நிறமும் அடித்தளமான இனிப்பும் இங்கிருந்தே பிறக்கின்றன. பல வீடுகளில் பிரியாணி வெளுத்துப்போய்க் குருமாச் சாதம்போல இருப்பதற்கு, வெங்காயத்தை அவசரமாக வதக்கியதே காரணம். அதை மறைக்க மிளகாய்த் தூளையும் செயற்கை நிறத்தையும் கொட்டுவதைவிட இந்தப் பதினைந்து நிமிடம் நிற்பது எவ்வளவோ மேல்.

50 கிராம் பூண்டும் 30 கிராம் இஞ்சியும் அரைத்த விழுதில், கறிக்குப் போட்டது போக மீதியை இப்போது சேர்த்துப் பச்சை வாசனை போகும் வரை வதக்குங்கள். இஞ்சி பூண்டை மிஞ்சினால் காரமும் லேசான கசப்பும் தட்டும், ஆகவே பூண்டே கூடுதலாக இருக்கட்டும். விழுது அடிப்பிடிக்கும் குணமுடையது, கரண்டி நிற்காமல் ஓட வேண்டும். பிறகு கைப்பிடி புதினா, கைப்பிடி கொத்தமல்லி, கீறிய பச்சை மிளகாய் நான்கு சேர்த்து இலைகள் சுருண்டதும், நறுக்கிய தக்காளி மூன்றைப் போடுங்கள். எட்டுக் காய்ந்த மிளகாயை விதை நீக்கி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அரைத்த விழுதோ, இரண்டு தேக்கரண்டி மிளகாய்த் தூளோ, எது கைவசம் இருக்கிறதோ அதைச் சேர்க்கலாம். விழுதில் நிறம் அழகாக வரும், காரமும் முரட்டுத்தனமாக இராது. பட்டை, கிராம்பு, ஏலக்காய் மூன்றையும் பொடித்த தூள் ஒரு தேக்கரண்டி போதும். மல்லித் தூள் வேண்டாம், அது பிரியாணியைக் குழம்பின் பக்கம் இழுத்துவிடும்.

தக்காளி முழுவதும் கரைந்து எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வர வேண்டும். அதன் பிறகு தீயை மிகக் குறைத்து, கால் டம்ளர் தயிரைக் கட்டியில்லாமல் கடைந்து ஊற்றுங்கள். தீ அதிகமாக இருந்தால் தயிர் திரிந்து திப்பிதிப்பியாக நிற்கும். மீண்டும் எண்ணெய் பிரிந்ததும் வெந்த கறியைச் சேர்த்து, மூடியிட்டு ஐந்து நிமிடம் சிறு தீயில் விடுங்கள். மசாலா கறியில் ஏறுவதற்கு இந்த ஐந்து நிமிடம் போதுமானது.

தண்ணீர்க் கணக்கு

ஊறவைத்து வடித்த சீரகச் சம்பாவுக்கு, அரிசி ஒரு டம்ளருக்கு நீர் ஒன்றே முக்கால் டம்ளர். மூன்று டம்ளர் அரிசிக்கு மொத்தம் ஐந்தே கால் டம்ளர் நீர் வேண்டும். இந்த மொத்தத்தில் கறிச் சாறும் அடக்கம் என்பதை மறக்கக்கூடாது. சாறு இரண்டு டம்ளர் இருந்தால், மூன்றே கால் டம்ளர் வெந்நீர் மட்டும் சேர்க்க வேண்டும். தயிரும் தக்காளியும் எண்ணெய் பிரியும்வரை வதங்கிவிட்டதால் அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. பாஸ்மதியாக இருந்தால் ஒன்றுக்கு ஒன்றரை. அரிசி புதியது என்று தெரிந்தால் மொத்தத்தில் அரை டம்ளர் குறைத்துவிடுங்கள்.

அடுத்த முறை ஒரு கிலோ அரிசிக்குச் செய்யும்போது எல்லாவற்றையும் அப்படியே இரட்டிப்பாக்கிவிடக்கூடாது. அரிசி இரு மடங்கானாலும் பாத்திரத்தின் வாய் இரு மடங்காவதில்லை, ஆவியாகும் நீர் விகிதத்தில் குறைகிறது. ஒரு கிலோவுக்கு, டம்ளருக்கு ஒன்றரை என்ற அளவே போதும். எண்ணெயும் முழு மசாலாப் பொருள்களும்கூட ஒன்றரை மடங்கு எடுத்தால் சரியாக இருக்கும்.

சாற்றையும் வெந்நீரையும் ஊற்றி, ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொதித்ததும் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். குடிக்க முடியாத அளவுக்கு இல்லாமல், சற்றே உப்புக் கரிக்க வேண்டும். இப்போது சரியாகத் தோன்றும் உப்பு, அரிசி வெந்த பிறகு குறைவாகத் தெரியும். பிரியாணியில் உப்பைத் திருத்துவதற்கு உங்களுக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு இதுவே.

அரிசியும் தம்மும்

நீர் தளதளவென்று கொதிக்கும்போது வடித்த அரிசியைப் பரவலாகப் போட்டு, அடிவரை ஒருமுறை மெதுவாகக் கிளறுங்கள். பெரிய தீயில் மூடாமல் விட்டால் ஏழெட்டு நிமிடத்தில் நீர் வற்றி அரிசியின் மட்டத்துக்கு இறங்கும், மேற்பரப்பில் சிறுசிறு துளைகள் தெரியும். இடையில் ஒருமுறை ஓரத்திலிருந்து உள்நோக்கித் திருப்பிவிடலாம், அதற்கு மேல் கிளறக்கூடாது. துளைகள் தெரிந்த அந்த நேரமே தம் போட வேண்டிய நேரம். அதற்கு முன்னே மூடினால் குழையும், பின்னே மூடினால் விறைக்கும்.

அரை மூடி எலுமிச்சைச் சாறும், ஒரு மேசைக்கரண்டி நெய்யும், கொஞ்சம் புதினாவும் மேலே தூவி மூடுங்கள். மூடிக்கும் பாத்திரத்துக்கும் இடையே கோதுமை மாவைப் பிசைந்து ஒட்டலாம், அல்லது ஈரமாகப் பிழிந்த துணியை மூடியில் சுற்றி, அதன் முனைகள் தீயில் படாதவாறு மேலே முடிந்துகொள்ளலாம். ஆவி வெளியேறாமல் இருப்பதே நோக்கம். கல்யாண வீடுகளில் விறகடுப்பின் தணலை வாரி மூடியின்மேல் பரப்புவார்கள், அதனால் மேலிருந்தும் சூடு இறங்கும். வீட்டில் அதற்கு ஈடாகக் கொதிக்கும் நீர் நிறைந்த பாத்திரத்தை மூடியின்மேல் வைத்தால் பாரமும் கிடைக்கும், ஓரளவு சூடும் கிடைக்கும். அடியில் சூடான தோசைக்கல்லை வைத்து, அதன்மேல் பாத்திரத்தை ஏற்றி, மிகச் சிறிய தீயில் பதினைந்து நிமிடம் விடுங்கள். தோசைக்கல் இருப்பதால் தீ நேரடியாகப் படாது, அடிப்பிடிக்கும் அபாயம் குறையும்.

அடுப்பை அணைத்த பிறகும் பதினைந்து நிமிடம் திறக்காதீர்கள். இந்த நேரத்தில் மேலும் கீழும் ஈரம் சமமாகப் பரவி, அரிசி இறுகுகிறது. உடனே திறந்து கிளறினால், நன்றாக வெந்த பிரியாணியும் உடைந்து கூழ்போலத் தோன்றும். திறந்ததும் தட்டையான கரண்டியை ஓரத்தில் செலுத்தி, அடியிலிருந்து மேலாக அள்ளிப் புரட்டுங்கள். நடுவில் குத்திக் கிளற வேண்டாம்.

தவறினால் செய்யக்கூடியவை

திறந்து பார்க்கையில் அரிசி விறைப்பாக இருந்தால், கால் டம்ளர் வெந்நீரைப் பரவலாகத் தெளித்து மறுபடி மூடி ஐந்து நிமிடம் சிறு தீயில் வையுங்கள். நீர் தேங்கி நின்றால் மூடியைத் திறந்துவைத்து, தோசைக்கல்லின் மேலேயே சில நிமிடம் ஆவி போகவிடுங்கள். குழைந்துவிட்டதென்றால் அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுங்கள், சூடு தணியும்போது ஓரளவு இறுகும். அடிப்பிடித்த வாசனை வந்தால் கிளறவே கூடாது, மேலிருக்கும் பகுதியை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் தீய்ந்த நாற்றம் மேலே ஏறாது. உப்பு மிஞ்சிய பிரியாணியில் உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் தனியே உறிஞ்சுவதில்லை, உப்பு நீரைத்தான் உறிஞ்சுகிறது. உப்பில்லாமல் கொஞ்சம் சீரகச் சம்பா வடித்துக் கலப்பதும், உப்பில்லாத தயிர்ப் பச்சடியோடு பரிமாறுவதுமே பயன் தரும்.

பரிமாறுதல்

தயிர் வெங்காயப் பச்சடி இல்லாமல் பிரியாணி பரிமாறுவதை நான் விரும்புவதில்லை. நெய்யும் கொழுப்பும் நிறைந்த ஒவ்வொரு கவளத்துக்குப் பிறகும் நாக்குக்கு அது தேவைப்படுகிறது. ஆம்பூர்ப் பக்கம் புளிப்பும் எள்ளும் சேர்ந்த கத்திரிக்காய்க் கறியை உடன் வைப்பார்கள். தமிழ் முஸ்லிம் வீட்டு விருந்துகளில் பருப்பும் எலும்பும் காயும் சேர்த்துக் காய்ச்சிய தால்சா வரும். கறி வாங்கும்போது நான்கு எலும்பு கூடுதலாகக் கேட்டு வாங்கிவைத்தால் தால்சாவையும் அன்றே செய்துவிடலாம்.

மிஞ்சிய பிரியாணியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். வெந்த சோற்றில் சூட்டுக்கும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் இருக்கலாம், அவை வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. அகலமான பாத்திரத்தில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் தேவையான அளவை மட்டும் எடுத்து, இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, இட்லிப் பானையில் ஆவி கட்டிச் சூடாக்கினால் அரிசி உதிரி உதிரியாகவே இருக்கும்.